அடிப்பூச்சு

பொழுது விடிவதற்குள் பூச்சுக்கூடம் கொதித்துக்கொண்டிருந்தது. பூச்சுத் தெளிக்கும் பிளாஸ்மா துப்பாக்கியின் இரைச்சல் காதைக் கிழித்தது. கனத்த உடுப்புக்குள் வியர்வை வழிந்தோட, அக்கா, உலைக்குள் தீ கக்கும் பர்னர் முனைகளின்மேல் உருகிய பீங்கான் பொடியைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். எங்கள் ஒன்பது பேரில் அவள் கைதான் நிதானமான கை. அவள்மேல்தான் பழியைப் போட்டார்கள்.

முந்தாநாள் சோதனை உலையில் ஒரு பர்னரின் பூச்சு உரிந்து, உலோகம் அரித்து ஓட்டையாகி, பீறிட்ட தீயில் உலைக்காரனின் இரண்டு கைகளும் வெந்துபோயின. உலைக்காரன் அக்காவின் கூடப்பிறந்த தம்பி.

முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டதும் நாங்களும் பின்னாலேயே போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம். மேசையில் தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது.

"பூச்சுல விரிசல் விட்டுட்டே. காத்து உள்ள போயிடுச்சு. கவனக்குறைவுன்னு கையெழுத்துப் போடு. உன் தம்பி வைத்தியத்தை நான் பார்த்துக்கறேன்."

"விரிசலே இல்லேன்னாலும் ஆக்சிஜன் போகும் சார். அவ்வளவு சூட்டுல பீங்கான் அதுக்குத் திறந்த கதவு மாதிரி. தடுக்கிறது அடியில இருக்கிற உலோகப் பூச்சு. அதைப் பாதியாக் குறைக்கச் சொன்னது நீங்க."

"எழுத்துல இருக்கா?"

இல்லை. அவர் வாயால் சொன்னார், நாங்கள் தலையாட்டினோம். வேலை போய்விடுமே என்று பயந்து மூன்று மாதம் ஆட்டினோம். நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

அக்கா பேனாவை எடுத்தாள். போடாவிட்டால் தம்பிக்கு மருந்து நின்றுவிடும்.

அப்போதுதான் எங்களில் ஒருவரான பொடி அளப்பவர் உள்ளே நுழைந்தார். முதலாளியின் செருப்புச் சத்தத்துக்கே எழுந்து நிற்கிற மனுஷன். தாளை இழுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார்: 'முதலாளி சொன்னபடி அடிப்பூச்சுப் பொடியைப் பாதியாக அளந்து கொடுத்தது நான்.' அடுத்து, பாதியாகப் பூசியவன் என்று நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் அக்கா.

"ஒன்பது பேரும் நாளையிலேருந்து வீட்ல உட்காருங்க!" என்று கத்தினார் முதலாளி.

"உட்கார்றோம். வெளியே அனுப்பின நாற்பது பர்னரையும் முதல்ல திருப்பி வாங்குங்க. அது ஒவ்வொண்ணு முன்னாலயும் யாரோ ஒருத்தன் நிக்கிறான்." பொடி அளப்பவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இந்தத் தாள் தொழிற்சாலை ஆய்வாளர்கிட்ட போகுது."

ஆய்வாளர் என்ன செய்வார், யாருக்குத் தெரியும்? வைத்தியத்துக்கு என்ன வழி என்பதும் தெரியவில்லை.

வெளி வாசலில் அக்கா நின்றுவிட்டாள். "பாதிதான்னு நமக்கு முன்னாடியே தெரியும்ங்கறதை தம்பிகிட்ட எப்படிடா சொல்லுவேன்?"

"நீ ஏன் தனியாச் சொல்லணும்?" என்றேன்.

ஒன்பது பேரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.