மூன்றாவது தடவையே தெரியும்

எனக்கு வாய் நீளம். ஊரில் எல்லோருக்கும் தெரியும், என் மனைவி ஜோலீனுக்கு இருபது வருடமாகத் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் நான் ஊமை. பள்ளி மைதானத்தில் எங்கள் அமெரிக்க ஃபுட்பால் நடக்கும்போது, பந்து பத்து கஜம் முன்னேறியதா என்று அளக்கும் சங்கிலியின் ஒரு முனைக் கம்பு என் கையில், மறுமுனை டெல்பர்ட் கையில். பதினோரு வருடமாக இதே ஜோடிதான். சங்கிலிக்காரன் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. நாங்கள் நிற்பது வெளியூர் அணியின் பக்கம் என்பதால் அவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். விழுந்ததை அங்கேயே விட்டுவிட வேண்டும். இதற்குச் சம்பளம் ஆளுக்கு இரண்டு ஹாட்டாக், ஒரு காபி.

அந்தச் சனிக்கிழமை என் மகன் ப்ரோடி முதல் தடவையாகக் குவாட்டர்பேக்காக இறங்கினான். வயது பதினைந்து. பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். தூர எறிவதா, பக்கத்தில் ஓடுகிறவனிடம் கொடுப்பதா என்று அவன் முடிவு செய்வதற்குள் எதிரணித் தடியன்கள் அவனைச் சாய்க்க வந்துவிடுவார்கள்.

கோச் மிஹாலிக்குக்கு அவனை இறக்க விருப்பமே இல்லை. ஆகஸ்டிலேயே என்னிடம் சொன்னார். "ராய், பையனுக்குக் கை இருக்கு. கண்ணு இன்னும் வரல. ஒரு வருஷம் பெஞ்சுல உக்காந்து வெஸ் ஆடுறதைப் பாக்கட்டும்."

வெஸ் பலெர்மோ பள்ளியில் கடைசி வருடம். பொறுமையான பையன், எறிதல் சுமார்.

"பெஞ்சுல உக்காந்து யாராச்சும் நீச்சல் கத்துக்கிட்டாங்களா கோச்?" என்று கேட்டேன். கேட்டதோடு விட்டேனா? முடிவெட்டும் கடையில் சொன்னேன், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். வெஸ் வரிசையாக இரண்டு ஆட்டம் தோற்றதும் ஊரே என் பாட்டைப் பாட ஆரம்பித்தது. கோச் பாவம், எத்தனை பேரிடம்தான் மல்லுக்கட்டுவார். வெஸ் பெஞ்சுக்குப் போனான், ப்ரோடி மைதானத்துக்கு வந்தான்.

காலையில் காரில் வரும்போது அவனுக்கு ஒரு புத்திமதி வேறு சொன்னேன். "வெஸ் ஏதாச்சும் சொன்னா காதுல போட்டுக்காத. அவன் உன் இடத்துக்கு அலையறான்."

ஆட்டம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் ப்ரோடி முதல் தடவை விழுந்தான். அது சகஜம். இரண்டாவது தடவை விழுந்தபோது கம்பை இறுக்கிப் பிடித்தேன். எனக்குப் பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட குள்ளமான வெளியூர் கோச் ஒருவர், "சலவை, சலவை" என்று அடிக்கடி கத்திக்கொண்டிருந்தார். கிறுக்கு என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை புரிந்துவிட்டது. பந்தை எறியப் போகும்போது மட்டும் ப்ரோடி இடுப்பில் தொங்கும் சின்னத் துண்டில் விரல்களைத் துடைக்கிறான். இன்னொருவனிடம் கொடுக்கப் போகும்போது துடைப்பதில்லை. அவன் துடைத்ததும் சிவப்புத் தொப்பி கத்துகிறார். உடனே அவருடைய ஆட்கள் வேறு யாரையும் பார்க்காமல் நேராக என் மகன்மேல் பாய்கிறார்கள். எறிவதற்கு முன்னால் கை காய்ந்திருக்க வேண்டும் என்று வீட்டுப் புல்வெளியில் அவனுக்குப் பழக்கிவிட்டதே நான்தான்.

டெல்பர்ட்டுக்கும் புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தான். "ராய், நமக்கு ஒண்ணும் கேக்கல."

"கேக்கல" என்றேன்.

நாலாவது தடவை விழுந்து எழுந்தபோது ப்ரோடி இடது விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஐந்தாவது தடவைக்குப் பிறகு நடுவர் தூரத்தை அளக்க எங்களைக் கூப்பிட்டார். கம்போடு மைதானத்துக்குள் போனேன். ப்ரோடி கை எட்டும் தூரத்தில் நின்றான். உதடு கிழிந்திருந்தது, மூச்சு இரைத்தது. என்னைப் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் குனிந்து சங்கிலியைப் பார்த்தேன். பதினோரு வருடப் பழக்கம் வாயைக் கட்டிவிட்டது என்று இன்றைக்கு வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

ஆறாவது. ஏழாவது தடவை விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் ஜோலீன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒன்பது எண்ணிய பிறகுதான் அவன் கால் அசைந்தது.

இடைவேளை விட்டதும் கம்பை வேலியில் சாய்த்தேன்.

"இப்ப நீ அங்க போனா அடுத்த வாரத்துக்கு நான் வேற ஆளைத் தேடணும்" என்றான் டெல்பர்ட்.

"தேடிக்க."

உடை மாற்றும் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே ப்ரோடி பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால், கையில் குறிப்பு அட்டையோடு குந்தியிருந்தான் வெஸ்.

"எத்தனை வாட்டிடா சொல்றது? எறியறப்ப மட்டும் கையைத் தொடைக்கற. அவனுங்க கண்டுபிடிச்சுட்டானுங்க. நீ ரெண்டாவது வாட்டி விழுந்தப்பவே வந்து சொன்னேன்ல?"

ப்ரோடி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அப்பா, இவன் சொல்றது நெஜமா?"

கோச் மிஹாலிக்கும் திரும்பினார். சங்கிலிக்காரன் அந்தப் பக்கத்துச் சேதியை இந்தப் பக்கம் சொல்வதை அவர் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார்.

"நெஜம்தான். அவங்க பேசுனது என் காதுல விழுந்துச்சு."

"எப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். இந்த நீள வாய்க்கு அன்றைக்குப் பார்த்து அது வரவில்லை. "நீ மூணாவது தடவை விழுந்தப்ப."

"நான் ஏழு தடவை விழுந்தேன்." மண் அப்பிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். "அளக்க வந்தியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்டா."

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. இடுப்பிலிருந்து துண்டை உருவி வெஸ்ஸிடம் நீட்டினான். "நீ எறங்கு. அந்த அட்டையை எங்கிட்ட குடு. இவரு பேச்சைக் கேட்டுத்தான் நீ சொன்னதை நம்பல." பிறகு கோச்சைப் பார்த்து, "நான் உக்காந்து பாக்குறேன் கோச்" என்றான். கோச் தலையாட்டினார்.

மீதி ஆட்டத்தை ஜோலீன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெஸ் எறிந்தாலும் எறியாவிட்டாலும் ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்தான். சிவப்புத் தொப்பிக்காரருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. இப்போது நான் கைதட்டலாம், கத்தலாம், கேட்க ஆளில்லை. குரல்தான் எழும்பவில்லை. ப்ரோடி விலாவில் ஐஸ் பையை அணைத்துக்கொண்டு எதிரணியை விட்டுக் கண்ணை எடுக்காமல் அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தான்.

மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். கூட்டம் கலைந்ததும் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஜோலீனுக்கு மட்டும் கையசைத்துவிட்டு, ப்ரோடி வெஸ்ஸின் காரில் ஏறிப் போனான்.