செவெரோ உஸ்காங்கா என்று கூப்பிட்டார்கள்

வெராக்ரூஸ் துறைமுகத்திலிருந்து பார்த்தால் கோட்டைச் சிறை கூப்பிடு தூரம்தான். ஆனாலும் என் மகன் செவெரோவைப் பார்க்க அனுமதி கிடைக்கப் பதினாலு மாதம் ஆயிற்று. நூற்பாலை வேலைநிறுத்தத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணை என்று ஒன்று நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

மாதா மாதம் அவன் பெயருக்குக் கூடை அனுப்புவோம். சோள ரொட்டி, கருவாடு, புகையிலை, உரித்த தேங்காய். தேங்காய்ச் சிரட்டையைச் செதுக்குவதுதான் அங்கே கைதிகளுக்குப் பொழுதுபோக்கு. மே மாதத்திலிருந்து காலிக் கூடையோடு ஒரு சிரட்டையும் திரும்பி வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கழுகு, இறகு இறகாக. என் மனைவி தோமாசா அதை முத்தமிட்டு மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். செவெரோவுக்கு ஒரு கோழியைக்கூடக் கோழி மாதிரி வரையத் தெரியாது. சிறையில் பழகியிருப்பான் என்று நினைத்தேன். யாரையும் நம்பாதவன் நான், அதை நம்பினேன்.

அனுமதி கிடைத்த அன்று படகுக்காரன் கிரிசோஃபரோ என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன பெரியவரே, சட்டையெல்லாம் வெளுப்பா இருக்கு? பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"வாயை மூடிட்டுத் துடுப்பைப் போடுடா."

கோட்டையில் காவலன் ரொட்டியைக் கத்தியால் குத்திப் பார்த்தான், புகையிலையில் பாதியை எடுத்துக்கொண்டான். பிறகு கம்பிக் கதவில் நின்று கத்தினான்.

"செவெரோ உஸ்காங்கா!"

"இருக்கேன்" என்றது இருட்டுக்குள் ஒரு குரல்.

வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. என் மகன் இல்லை.

"கத்திடாதீங்கய்யா" என்றான் மெதுவாக. "உங்க கால்ல விழறேன்."

"என் பையன் எங்கடா?"

"போயிட்டான். ஏப்ரல்ல. மஞ்சக் காய்ச்சல்."

"நீ யாரு?"

"நாபோர். எனக்குக் கூடை அனுப்ப யாருமில்ல. அவன் எந்திரிக்க முடியாம கெடந்தான். பேரைக் கூப்பிட்டாங்க, நான் போய் வாங்கினேன். இருட்டுல இவனுங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான். அவன் செத்ததும், செத்தது நாபோர்னு சொல்லிட்டேன்."

"எங்க புதைச்சாங்க?"

அவன் கடல் பக்கம் பார்த்தான். நாற்பது வருஷம் அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் நான். கோட்டையைச் சுற்றி என்ன நீந்துகிறது என்று எனக்குத் தெரியும்.

"அந்தக் கூடையிலேர்ந்து அவனுக்குக் குடுத்தியா?"

கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"குடுத்தேன்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை. அழுதான். என் மகனுக்காக அழுதானா, கூடைக்காக அழுதானா, கடவுளுக்குத்தான் தெரியும்.

"நேரமாச்சு கிழவா" என்றான் காவலன். "மகனுக்கு முத்தம் குடுத்துட்டுக் கிளம்பு."

வாயைத் திறந்திருந்தால் அந்த நாபோரைத் தண்ணீர் நிற்கிற குழிக்குள் இறக்கியிருப்பார்கள். இறக்கட்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் அவனும் போய்விட்டால் என் மகன் எப்படிச் செத்தான் என்று தெரிந்த ஆள் உலகத்தில் இல்லை. கூடையைத் தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தோமாசா துறையில் காத்துக்கொண்டிருந்தாள். படகைக் கட்டுவதற்கு முன்பே கத்தினாள்.

"ஏங்க, சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்" என்றேன், துடுப்பைப் பார்த்துக்கொண்டு.