வாய் கேட்டது, கண் தேடியது

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் ஆக்லாந்தின் மங்கரே விமானச் சரக்கு அலுவலகத்தில் சோபனாவின் மேசைக்குத் தனி மதிப்பு வந்துவிடும். ஆண்டு முழுவதும் பெட்டிகளின் எடையையும் எண்ணிக்கையையும் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் அந்த முப்பத்தாறு வயதுப் பெண்ணிடம், அந்த ஒரு மாதத்தில் மட்டும், ஆண்கள் வந்து நின்று கருத்துக் கேட்பார்கள்.

அவர்களுடைய நிறுவனத்துக்கு லாஸ் ஏஞ்சலஸிலும் ஒரு கிளை உண்டு. அங்குள்ளவர்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் உயிர். அந்த நாட்டில் ஒவ்வோர் ஏப்ரலிலும் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கிறது. கல்லூரிகளில் ஆடித் தேறிய இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொள்ளும் நாள் அது. முந்தைய ஆண்டில் அதிகம் தோற்ற அணிக்கே முதல் உரிமை. இளைஞனின் உயரம், எடை, நாற்பது கஜம் ஓட எடுத்த நேரம், முழங்காலின் பழைய காயம், எல்லாம் பட்டியலாகி அச்சேறும். யார் எவனை எடுப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுதி ஃபேக்ஸில் அனுப்புவது இரு கிளைகளுக்கும் இடையே வளர்ந்த போட்டி. ஆக்லாந்துக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டது ஏரிக்கரை நகரம் ஒன்றின் அணி. அதன் முதல் தேர்வைச் சோபனா மூன்று ஆண்டுகளாகத் தவறவிட்டதேயில்லை. இத்தனைக்கும் அவள் ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்தவள் அல்லள்.

பக்கத்து மேசை கிளமென்ட் மலேசியாவின் ஈப்போவில் பிறந்த தமிழன்; அங்குள்ளவர்கள் வழக்கப்படி பேச்சில் 'லா' சேர்ப்பான். இந்த விளையாட்டின் விதிகளை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவனே. எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று ஒருநாள் விடாமல் கேட்டான். அவள் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம், அணியின் தலைவர் பத்திரிகைகளுக்குச் சொன்னவை: பொறுமை, ஒழுக்கம், மதிலைப் போல் நின்று தடுக்கும் ஓர் ஆள். வலப்பக்கம், ஐந்து ஆண்டுகளாக அவர் உண்மையில் எடுத்தவர்கள்: ஓடுகிறவன், பறக்கிறவன், படத்தில் அழகாய் விழுகிறவன். வாய் கேட்பது ஒன்று, கண் தேடுவது வேறொன்று என்றாள்.

இந்த வித்தையை அவள் பத்திரிகைகளிலிருந்து கற்கவில்லை. அதே நகரின் ரானுயிப் பகுதியில் அவளுடைய அண்ணன் இரத்தினசிங்கத்தின் வாடகை வீட்டு முன்னறையில், தேநீர்த் தட்டோடு நின்று கற்றாள்.

அவளைப் பெண் பார்க்க ஏழு குடும்பங்கள் வந்து போயிருந்தன. முதலில் வந்தவர்கள் சாதகம் பொருந்தவில்லை என்றார்கள். மூன்றே மாதத்தில் சாதகமே பாராமல் மகனுக்கு வெள்ளைத் தோல்காரி ஒருத்தியைக் கட்டிவைத்தார்கள். படிப்புத்தான் முக்கியம் என்று வந்தவர்கள், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று சாதியைத் துருவிவிட்டுப் போனார்கள். சீதனம் என்ற சொல்லே பிடிக்காது என்ற ஒரு பெரியவர், வீடு வாங்க அண்ணன் எடுக்கும் மோட்கேஜ் கடன் எப்போது தொடங்கும் என்று மட்டும் அக்கறையாக விசாரித்தார். யுத்தம் நம்மைக் கடல் கடத்தியது. வீட்டைப் பறித்தது, வயலைப் பறித்தது, பெற்றோரைப் பறித்தது. பறிக்க வேண்டிய இந்தப் பெண் பார்க்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவைத்தது. அமெரிக்கன் தன் ஆட்டக்கார இளைஞனை எடை போடுகிறான். எடைதான் போடுகிறேன் என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். அந்த இளைஞனும் தன் விருப்பத்தோடு பெயர் கொடுத்துவிட்டே நிற்கிறான். நம்மவர்களோ எடை போட்டுவிட்டு அதன்மேல் மஞ்சளும் குங்குமமும் தூவிப் பண்பாடு என்று பெயர் சூட்டுகிறார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டில் ஏரிக்கரை அணிக்குத் தேர்வு வரிசையில் ஐந்தாவது இடம். இம்முறை தடுப்பாட்டக்காரன் ஒருவனைத்தான் எடுப்போம் என்று தலைவர் ஏறக்குறைய சத்தியமே செய்திருந்தார். எல்லாப் பத்திரிகைகளும் நம்பின. சோபனா ஓர் ஓட்டக்காரனின் பெயரை எழுதி அனுப்பினாள்.

அதே வாரத்தில்தான் எட்டாவது குடும்பத்தின் தொலைபேசி அழைப்பும் வந்தது. வசதியானவர்களின் புறநகரான பாட்டனி டவுன்ஸில் புது வீடு கட்டியிருந்த இராசமலர் என்ற விதவைத் தாய், கணினிப் பொறியாளனான தன் மகன் சுலக்ஷனுக்குப் பெண் பார்க்க ஞாயிறு மாலை வருவதாகச் சொன்னார். வயது ஒரு பொருட்டல்ல, நல்ல குணம் இருந்தால் போதும் என்று அவர் சொன்னதை அண்ணி பத்மாவதி இரண்டு முறை திருப்பிச் சொன்னாள். சோபனாவின் உள்ளத்தில் ஒரு தாள் தானாக விரிந்தது. நடுவில் கோடு விழுந்தது. இடப்பக்கம் குணம். வலப்பக்கம், அதே வீட்டில் வசிக்கும் தங்கை பிரணவி: இருபத்துநான்கு வயது, பல்கலைக்கழகப் பட்டம், சிரித்தால் குழியும் கன்னம். அவள் அந்தத் தாளைக் கசக்க முயன்றாள், முடியவில்லை. தன் கணிப்பு பொய்க்க வேண்டும் என்று அவள் வாழ்க்கையில் முதன்முறையாக விரும்பினாள். ஏனென்றால் அவளுக்கு ஆசை இருந்தது. ஏழு முறை அவமதிக்கப்பட்ட பிறகும், தனக்கென்று ஒரு வீடு, ஒரு துணை, ஒரு குழந்தை என்ற ஆசை வெட்கமின்றி உயிரோடிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வேலையிலிருந்த கிளமென்ட் தொலைபேசியில் அழைத்தான்.

"சோபனா, நீங்க எழுதினவனைத்தான் எடுத்திருக்காங்க லா. இப்பதான் ஃபேக்ஸ் வந்துச்சு. அங்க எல்லாரும் தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்களாம்."

அவள் நன்றி சொன்னாள். குரலில் மகிழ்ச்சி இல்லையே, உடம்பு சரியில்லையா என்று அவன் கேட்டான். நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்லி ரிசீவரை வைத்தாள். அந்த வெற்றி அவள் நெஞ்சில் கல்லாய் விழுந்தது.

மாலை நான்கு மணிக்கு அவர்கள் வந்தார்கள். சுலக்ஷன் கூச்சக்காரன், தரைவிரிப்பைப் பார்த்தபடி அமர்ந்திருந்தான். சோபனா தேநீர் கொடுத்தாள். இராசமலர் அன்பாகவே பேசினார். வேலை எப்படி, பேருந்தில் போகிறாயா என்று கேட்டார். பயற்றம் பணியாரத்தின் சுவையைப் புகழ்ந்தார். ஒரு கணம் சோபனாவுக்குச் சுவாசம் இலேசாயிற்று. அப்போது பிரணவி தண்ணீர்க் குவளைகளோடு உள்ளே வந்தாள். இராசமலரின் கண் எழுந்தது. குவளைகளைத் தொடர்ந்து சென்றது; திரும்பி வரவில்லை.

பிறகு அவர் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நீங்கள்தானே ரெண்டு பிள்ளையளின்ரை சாதகக் குறிப்பையும் ஒண்டா அனுப்பினனீங்கள். சாத்திரியார் பாத்தவர். சின்னவவின்ரைதான் மகனுக்கு நல்லாப் பொருந்துதாம். மூத்தவ மனமாரச் சம்மதிச்சாப் போதும்."

பத்மாவதி பலகாரத் தட்டை மேசையில் வைத்தாள்.

அவர்கள் தங்கையைக் கேட்பார்கள் என்பதைச் சோபனா அறிந்திருந்தாள். தங்கையை முன்கூட்டியே தட்டில் வைத்து நீட்டியவர் சொந்த அண்ணன் என்பதை அவள் அறிந்திருக்கவில்லை. எடுப்பவர்களின் கண்ணை அவள் படித்தாள். கொடுப்பவரின் கையைப் பார்க்க மறந்தாள்.

"அண்ணா, ரெண்டையும் அனுப்பினதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

இரத்தினசிங்கத்தின் முகம் கறுத்தது. தாயும் தந்தையும் ஷெல்லடியில் இறந்தபின் இரு தங்கைகளையும் கொழும்பு வழியாக இந்தத் தீவுவரை கொண்டுவந்து சேர்த்த மனிதர் அவர். கொடியவர் அல்லர். "ஏழு இடம் தட்டிப் போச்சுது, பிள்ளை. ஒருத்தியாவது கரையேறட்டும் எண்டு நினைச்சிட்டன்" என்றார்.

"பிரணவியைக் கேட்டனீங்களோ?"

அவளைக் கேட்க வேண்டும் என்பது அந்த அறையில் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. சோபனாவின் உடல் நிமிர்ந்தது. தங்கை மறுப்பாள், மறுத்ததும் தான் அவளுக்கு முன்னால் மதிலாய் நிற்கலாம் என்று எண்ணினாள். அந்த எண்ணத்தில் ஒரு சிறு மகிழ்ச்சிகூட இருந்தது.

"நீ சொல்லு. உனக்கு விருப்பமோ?"

வீட்டில் எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிரணவி அன்று தமிழில் சொன்னாள். "ஓம், எனக்கு விருப்பம், அக்கா."

பிறகு அக்காவின் அருகில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்: "ஒவ்வொரு முறையும் பாக்க வந்த ஆக்கள் போன பிறகு நீங்கள் கோப்பை கழுவுறதைப் பாத்துப் பாத்துத்தானே வளந்தனான். எனக்குப் பயமா இருக்கு."

இந்த வழக்கத்தை எதிர்த்து எத்தனை மேடை போட்டாலும், இருபத்துநான்கு வயதுப் பெண்ணொருத்தியின் பயத்துக்குச் சோபனா என்ன பதில் சொல்வாள்? அந்தப் பயத்தை ஊட்டியது அவளுடைய வாழ்க்கை அல்லவா?

"எனக்குச் சம்மதம்" என்று இராசமலரிடம் சொன்னாள். "ஒரு விசயம், அன்ரி. என்ரை குறிப்பைத் திருப்பித் தாங்கோ."

இராசமலர் கைப்பையைத் திறந்து, மடித்த இரண்டு தாள்களைப் பிரித்துப் பார்த்து, ஒன்றை மட்டும் அவளிடம் கொடுத்தார். மற்றது பைக்குள் போயிற்று. சுலக்ஷன் ஒருமுறை நிமிர்ந்து சோபனாவைப் பார்த்தான், மீண்டும் தரைவிரிப்பின் பக்கம் குனிந்துகொண்டான்.

மடிப்புகளில் நைந்துபோன தாள் அது. ஏழு வீடுகளின் அலுமாரிகளைக் கண்டு திரும்பியது. இரத்தினசிங்கம் வழக்கம்போல அதை வாங்கிப் பத்திரப்படுத்தக் கையை நீட்டினார். அடுத்த இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற பழக்கம் அந்தக் கைக்கு இருந்தது.

சோபனா கொடுக்கவில்லை. தாளை நான்காக மடித்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

அண்ணன் நீட்டிய கை வெறுமையாய் நின்றது. பிறகு பலகாரத் தட்டின் பக்கம் திரும்பி, அதை எடுத்து, சம்பந்தி ஆகப்போகிறவரிடம் நீட்டியது.