மதிலை விட்டுவிட்டு ஓர் ஆராய்ச்சி

நாத்தனாரின் தையல் கடைக்குள் மறுபடியும் மழைத்தண்ணீர் புகுந்த அன்றோடு, அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்றுபோனது. நிறுத்தியது நாத்தனார்தான். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தையல் மிஷினின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தவள், உதவிக்கு ஓடிவந்த அண்ணியைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"தண்ணி எப்படி ஓடும்னு காலேஜ் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறீங்க. இந்தத் தெருவுக்கு ஏன் ஓடி வருதுன்னு மட்டும் உங்களுக்குத் தெரியாதா அண்ணி?"

அண்ணி பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆசிரியை. வடிகால்தான் அவளுடைய பாடம். கேள்வி சுருக்கென்று தைத்ததற்குக் காரணம், உண்மையிலேயே அவளுக்குப் பதில் தெரியாததுதான். முன்பெல்லாம் எவ்வளவு கொட்டினாலும் அந்தத் தெருவில் செருப்பு நனையும், அவ்வளவுதான். இப்போது கட்டில் வரை ஏறுகிறது.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு திட்டப்பணி கொடுக்க வேண்டிய நேரம் அது. எங்கோ இருக்கிற அணையின் கணக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வதுதான் துறையின் வழக்கம். அவள் அந்தத் தெருவைக் கொடுத்தாள். பிள்ளைகள் மட்டம் பார்க்கும் கருவியைத் தோளில் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய், சுவர்களில் தண்ணீர் விட்டுப்போன கறையை அளந்தார்கள். முதலில் நாய்கள் துரத்தின. பிறகு, ஓட்டுக் கேட்க வந்தவர்களோ என்று சந்தேகப்பட்டு ஆட்கள் கதவைச் சாத்தினார்கள். இல்லையென்று தெரிந்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

கடைசியில் விடை கிடைத்தது. தெருவுக்குப் பின்னால் பள்ளமாகக் கிடந்த காலி நிலத்தில்தான் முன்பெல்லாம் மழைத்தண்ணீர் பரவி வடிந்திருக்கிறது. அதை வாங்கி விளையாட்டு மைதானமாக்கி, சுற்றிலும் ஓர் ஓட்டைகூட விடாமல் மதில் எழுப்பியது அவர்களுடைய பல்கலைக்கழகமேதான்.

துறைத்தலைவர் கெட்ட மனிதர் அல்ல. வம்பில்லாமல் ஓய்வு பெற ஆசைப்பட்டவர். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மாணவர்களின் உழைப்பை மனதாரப் பாராட்டினார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"ஆராய்ச்சி பண்ணுங்க, யாரு வேணாம்னா? நம்ம மதில விட்டுட்டுப் பண்ணுங்க."

"நாம விட்டுடலாம் சார். தண்ணி விடணுமே."

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் பூட்டுத் தொங்கியது. மராமத்து வேலை என்றார்கள். உள்ளே ஒருவரும் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

தெருவையும் மைதானத்தையும் சின்னதாகச் செய்து, தண்ணீர் ஊற்றிக் காட்டினால்தான் திட்டம் முழுமையாகும். அதற்குப் பெரிய மேசை வேண்டும். அவளுக்குத் தெரிந்த பெரிய மேசை, நாத்தனாரின் துணி வெட்டும் மேசை ஒன்றுதான். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு போய்க் கேட்டாள். காரணம் தங்கள் மதில்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். நாத்தனார் கையிலிருந்த பித்தானைத் தைத்து முடித்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். பிறகு மேசைமேல் கிடந்த துணிகளையெல்லாம் வாரி மூட்டை கட்டினாள்.

"நாலு பேர் ரவிக்கை கேட்டு கத்துவாங்க. கத்தட்டும். அடியில பிளாஸ்டிக் மட்டும் விரிச்சுக்கங்க அண்ணி."

அதன்பிறகு வகுப்பு தையல் கடையில்தான் நடந்தது. சலூன்காரர் பாதிச் சவரத்தில் ஆளை உட்காரவைத்துவிட்டு வந்து எட்டிப் பார்ப்பார். தெரு அவளுக்குத் 'தண்ணி டீச்சர்' என்று பெயர் வைத்தது.

இறுதி விளக்கக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. அதுவரை பெற்றவர்கள்கூட எட்டிப் பார்த்ததில்லை. அன்று தெருவே வந்தது. மேசையில் செய்த சின்னத் தெருவைப் பல்லக்குத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார்கள். வாசலில் காவலாளி மறித்தார். இவர்கள் தன் வகுப்பில் படித்தவர்கள் என்றாள் அண்ணி. அது பொய்யும் இல்லை.

அறை பத்தாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். மாணவர்கள் பேசத் தொடங்கியதுமே துறைத்தலைவர் நேரமாகிவிட்டது என்றார். அப்போது நாத்தனார் செடிக்குத் தண்ணீர் விடும் பூவாளியை எடுத்து அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"பேச்செல்லாம் வேணாம் சார். நீங்களே ஊத்துங்க."

அவர் வாங்கவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் எழுந்து வந்து வாங்கினார். நிதானமாக ஊற்றினார். மதிலில் முட்டிய தண்ணீர் திரும்பி, தீப்பெட்டி அளவு வீடுகளுக்குள் புகுந்து, அட்டையில் செய்த தையல் கடையைச் சாய்த்தது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு மாணவி மதிலின் அடியில் அங்கங்கே சில துண்டுகளை உருவிவிட்டு, இன்னொரு தடவை ஊற்றச் சொன்னாள். தண்ணீர் தெருவைத் தொட்டுவிட்டு மைதானத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"இதுக்கு மேல எனக்குக் கேள்வி இல்ல" என்று தேர்வாளர் அம்மாள் பூவாளியைக் கீழே வைத்தார்.

பல்கலைக்கழகம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. விடுமுறையில் ஆட்கள் வந்து மதிலின் அடியில் வரிசையாகத் துளை போட்டார்கள். காற்றோட்டத்துக்காம். தரையோடு தரையாகக் காற்று வாங்கும் மதிலைப் பார்த்து தெரு வயிறு வலிக்கச் சிரித்தது. அண்ணியிடமிருந்து இறுதியாண்டு வகுப்பைப் பிடுங்கி, முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கோடு போடக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். அது அவளுக்கு வலித்தது.

அடுத்த பெருமழையில் தண்ணீர் தையல் கடையின் படி வரை வந்தது, நின்றது, மதில் பக்கம் திரும்பியது. அண்ணியும் நாத்தனாரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது போவதைப் பார்த்தார்கள்.

மழை விட்டதும் அண்ணி முதலாண்டுப் பிள்ளைகளை வரைபலகையோடு வெளியே கிளப்பினாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் இன்னொரு சந்து இருந்தது. கோடு போட அது போதும். வராந்தாவில் நின்ற துறைத்தலைவர் எங்கே போகிறீர்கள் என்றார்.

"வகுப்புக்கு சார்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை முன்னால் விட்டு நடந்தாள்.