சாய்ந்த ஏழு

மோனிகா அரத்தை எடுத்தால் இரும்பு தேயாது, பயந்து தானே ஒதுங்கும் என்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் சொல்வார்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிற பெண். பயிற்சிக்குக் கொடுத்த இரண்டு இரும்புக் கட்டிகளையும் இன்னும் சரியாக, இன்னும் சரியாக என்று அராவி, கடைசியில் மூக்குத்திக்குக்கூட ஆகாமல் செய்தாள். அந்தத் தூளைப் பொறுக்கித் தின்ற பக்கத்து வீட்டுக் கோழி இட்ட முட்டையில் காந்தம் ஒட்டியது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. மோனிகாவுக்குத்தான் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இன்று இறுதிச் செய்முறைத் தேர்வு. கட்டி நாற்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மயிரிழை கூடினால் விடுவார்கள், குறைந்தால் ஃபெயில். அளந்தாள்: சரி. மறுபடி அளந்தாள்: சரி. மூலை நேராக இருக்கிறதா என்று மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இடுக்கில் நூலளவு வெளிச்சம் தெரிந்தது.

அந்த நூல்தான் முந்தைய இரண்டு கட்டிகளையும் தின்றது.

இன்னும் பத்து நிமிடம். அரத்தை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். சட்டென்று அதைப் பக்கத்து மேசை சிஃபாவிடம் நீட்டினாள்.

“இத்த வெச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காத.”

வேலையை முடித்துவிட்டு நகம் கடித்துக்கொண்டிருந்த சிஃபா அதை வாங்கி ஸ்டூலில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

வேலை முடிந்தவர் தன் தேர்வு எண்ணைக் கட்டியில் தானே குத்தித் தர வேண்டும். மோனிகா எண் அச்சுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் அடித்தாள். அவள் எண் 317. மூன்று நேராக விழுந்தது. ஒன்றும் நேராக விழுந்தது. கடைசி ஏழு சாய்ந்துவிட்டது.

நாலு இழுப்பு இழுத்தால் அந்த ஏழு போய்விடும். கூடவே அளவும் போய்விடும். தெரிந்தும் கை நீண்டது.

“அரத்தக் குடுடி.”

“மாட்டேன்.”

“ஏழு சாஞ்சிக்கினு கீது, சிஃபா.”

“ஆமா. எளாவூர் செக்போஸ்ட்டுல நின்னு பார்த்தாலே தெரியுது. அதுக்கு இன்னா இப்ப?”

மோனிகா எழுந்து பிடுங்கப் போனாள். சிஃபா அசையவில்லை. மணி அடித்தது.

தேர்வாளர் வந்து கட்டியை அளந்தார். மட்டம் வைத்துப் பார்த்தார். எண்ணைப் பார்த்து எழுதி, பக்கத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். சாய்ந்த ஏழையும் அவர் நேராகத்தான் எழுதியிருந்தார்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள் மோனிகா. அவித்த முட்டையை இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதி பெரிதாகிவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய பாதியை சிஃபா எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மிச்சத்தை, அளக்காமல், மோனிகா தின்றாள்.