கீழே உள்ள எண்

அப்பாவின் விரலில் மாட்டும் கருவி, துணிக்குப் போடும் கிளிப்பைவிடக் கொஞ்சம்தான் பெரியது. உள்ளே இரண்டு ஒளிகள் உண்டு. ஒன்று சிவப்பு, மற்றது கண்ணுக்குத் தெரியாது. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் ஒன்றை அதிகமாக விழுங்கும், குறைந்த ரத்தம் மற்றதை. விரலைத் தாண்டி எது எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்துக் கருவி கணக்குப் போடும். திரையில் மேலே ஆக்சிஜன், கீழே நாடித்துடிப்பு.

நான் மின்னணுத் தராசுகளைப் பழுதுபார்ப்பவள். அதனால் அப்பா இதை "உன் தராசுக்குத் தம்பி" என்பார்.

"தொண்ணூறுக்குக் கீழ போச்சுன்னா யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க, உடனே கூட்டிட்டு வந்துடுங்க" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தார். நான் வேலைக்குப் போன பிறகு, தினமும் காலையில் அம்மா அளந்து சமையலறை காலண்டரில் எழுதுவாள். மேலே உள்ள எண் மட்டும் போதும் என்றாலும் இரண்டையும் எழுதுவாள். ஞாயிறன்று நான் படமெடுத்து நர்ஸுக்கு அனுப்புவேன்.

மூன்று மாதத்தில் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றொன்றாகியிருந்தது. எண் மெதுவாக இறங்கியது. அப்பாவோ வேகமாக இறங்கினார். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியிருந்தது.

மூட்டை தோளை அழுத்தும்போது தராசு குறைவாகக் காட்டினால், நாங்கள் மூட்டையைச் சந்தேகப்பட மாட்டோம். எடை தெரிந்த ஒரு கல்லை வைத்துத் தராசைச் சோதிப்போம். ஒருநாள் மதியம் விடுப்புப் போட்டுவிட்டு வந்து அதையே செய்தேன். முதலில் என் விரல்: தொண்ணூற்றெட்டு, கீழே எழுபத்தாறு. கருவியில் கோளாறில்லை. பிறகு அப்பாவிடம் போனேன். அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. நண்டு மாதிரி கவ்வுது."

"நண்டு என்கிட்ட அடங்கியிருக்கும். குடுங்கப்பா."

எண்பத்து நான்கு. கீழே நூற்றுப் பதினாறு.

காலண்டருக்குப் போனேன். அன்று காலை எழுதியது தொண்ணூற்றொன்று, கீழே எழுபத்து நான்கு. பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். மூச்சுக்குத் திணறும் மனிதரின் நாடி, மூன்று மாதத்தில் ஒருநாள்கூட எண்பதைத் தொடவில்லை.

"அம்மா, காலைல யார் விரல்ல மாட்டின?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

"என் விரல்லதான். போதுமா? போன தடவ இருபது நாள் அங்க கெடந்தாரு. இனிமே உள்ள போனா வெளிய வரமாட்டேன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னாரு. எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன், என் நம்பர் நல்லாத்தானே இருக்கும்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏம்மா கொறஞ்சுக்கிட்டே வருது?"

"அதுவும் நல்லதுக்குன்னு விட்டுட்டேன். தெனமும் ஒரே நம்பரா எழுதினா நர்ஸம்மாவுக்கு சந்தேகம் வராதா?"

தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. சின்ன, வறட்டு இருமல். பல மாதங்களாக அடுப்படியிலிருந்து கேட்டதுதான். புகை என்று நினைத்திருந்தேன்.

அப்பா இருபத்தேழு வருடம் பிரேக் லைனிங் தொழிற்சாலையில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரை அறுத்தவர். கல்நார் உடையும்போது முடியைவிட மெல்லிய இழைகளாகப் பிரியும். நுரையீரலுக்குள் போனால் கரையாது, இருமினாலும் வராது. இருபது, முப்பது வருடம் சும்மா கிடந்துவிட்டு வேலையைக் காட்டும். அப்பாவின் புற்றுநோய் அப்படி வந்ததுதான் என்று டாக்டர் படம் வரைந்து விளக்கியிருந்தார். அந்தத் தூசி படிந்த அவர் சட்டைகளைத் துவைத்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் அம்மா சட்டையைத் தோள்பட்டையில் பிடித்து, கொல்லைப்புறத்தில் இரண்டு தடவை உதறிவிட்டுத்தான் ஊறவைப்பாள். வெயிலில் தூசி மினுமினுக்கும். அதைப் பிடிக்க, சின்னப் பெண்ணான நான் கைகளைத் தூக்கிக்கொண்டு குதிப்பேன்.

"அவளுக்கு எவ்வளவு?" என்று கேட்டார் அப்பா.

"தொண்ணூத்தி ஒண்ணுப்பா."

அப்பா போர்வையை விலக்கினார். "வண்டியக் கூப்பிடு. ரெண்டு பேருக்கும். நான் போகலன்னா... அவ வரமாட்டா."

"இதென்ன கூத்து! எனக்கு ஒண்ணுமில்லங்க. நீங்க வீட்ல இருக்கணும்னுதானே இவ்வளவும் பண்ணேன்!"

"வா, போலாம்."

முணுமுணுத்தபடியே பையை எடுத்தாள். கொடியிலிருந்து அவர் சட்டையை உருவினாள். பழக்கதோஷம், தோள்பட்டையில் பிடித்துக் கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"உதறாதே!"

அப்பாவிடமிருந்து அவ்வளவு பெரிய சத்தத்தை நான் வாரக்கணக்கில் கேட்டதில்லை. சட்டை அந்தரத்தில் நின்றது. அவர் தொழிற்சாலையை விட்டு ஒன்பது வருடமாகிறது. அது போன மாதம் வாங்கிய சட்டை.

அதற்குள் அவர் கண்கள் என் பக்கம் வந்திருந்தன.

"நீ... அந்தப் பக்கம் போம்மா."

சட்டையில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டடி தள்ளி நின்றேன்.