யாத்ராங்காவின் வலது பாதம்

சூப்ரியா ஊர்ப் பேருந்து நிலையத்தில் வாரம் முழுக்கச் சீட்டு கொடுப்பவள் யாத்ராங்கா. ஞாயிற்றுக்கிழமையானால் விசிலை மாட்டிக்கொண்டு கால்பந்து நடுவராகிவிடுவாள். மொராவா ஆற்றங்கரை ஊர்களில் ஆண்கள் ஆட்டத்துக்கு நடுவராக நின்ற ஒரே பெண் அவள்தான். திட்டு வாங்காத ஞாயிறு கிடையாது. அதைக் காதில் போட்டுக்கொண்டதும் கிடையாது.

அந்த இலையுதிர் காலத்தில், பக்கத்து ஊர் மைதானத்தில், உள்ளூர் அணி கடைசி நேரத்தில் போட்ட கோலை ஆஃப்சைடு என்று தள்ளினாள். கூட்டத்திலிருந்து பறந்து வந்த பீர் பாட்டில் ஒன்று சிமெண்ட் விளிம்பில் பட்டுச் சிதறியது. ஆட்டக்காரர்கள் சூழ்ந்து நெருக்கியதில் அந்தச் சில்லுகள்மேலேயே விழுந்தாள். வலது முட்டிக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், ஒரு சில்லு ஆழமாக இறங்கியது. ரத்தம் நின்ற பிறகுதான் பாதம் மேலே வரவில்லை என்று தெரிந்தது. தூக்க நினைக்கிறாள், அது ஈரத்துணி மாதிரி தொங்குகிறது.

நரம்பு அறுந்திருந்தது. டாக்டர் பாந்தெலிச் என்ற பெண்மணி இரண்டு முனைகளையும் சீராக்கிச் சேர்த்துத் தைத்தார். மறுநாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒளிக்காமல் சொன்னார்.

"அறுந்த இடத்துக்குக் கீழே இருக்கிற இழையெல்லாம் செத்துப் போயிடும்மா. ஆனா அது போன குழாய் அப்படியே இருக்கும். மேலேருந்து புது இழை அதுக்குள்ள வளர்ந்து இறங்கணும். மாசத்துக்கு ஒரு அங்குலம் வந்தாலே பெரிசு. அதுவரைக்கும் தசை தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. நிறைய பேருக்கு முழுசா திரும்பறதில்ல."

"திரும்பாட்டி?"

"வேற தசைநாணை மாத்தித் தைச்சு நடக்க வைக்கலாம். ஓட்டம் சந்தேகம்."

"அப்ப அது வளரட்டும் டாக்டர். நான் விடறதா இல்ல."

தொங்கும் பாதத்தைத் தாங்கக் காலணிக்குள் பிளாஸ்டிக் பட்டை வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். கணுக்கால் இறுகிவிடாமல் இருக்க, கவுண்டருக்கு அடியில் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்துக்கொண்டே சீட்டு கிழித்தாள். ஊர் இளவட்டங்கள் வரிசையில் நின்று, "அக்கா, ஆஃப்சைடுல நிக்கறேன், சீட்டு உண்டா?" என்று கேலி செய்தார்கள். மீதிச் சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

நடுவர் சங்கத் தலைவர் கிராதிமீர் ஒரு புட்டி ரக்கியா பழச்சாராயத்தோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். மேசை வேலை ஒன்று இருக்கிறது, பார்வையாளராக உட்கார்ந்து அறிக்கை எழுதினால் போதும், பெயரை அங்கே மாற்றிவிடலாம் என்றார்.

"கால் வேலை செய்யல, ஒத்துக்கறேன் அண்ணே. ஆனா நடுவர் பட்டியல்லேருந்து என் பேரை எடுங்கன்னு நான் சொல்லலியே" என்றாள் அவள். ரக்கியாவை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

குளிர்காலம் முழுக்கப் பாதம் அசையவில்லை. முட்டிக்குக் கீழே விரலால் தட்டிப் பார்ப்பாள். தட்டிய இடத்திலிருந்து பாதம்வரை சுரீர் என்று மின்சாரம் பாயும். புது இழை எங்கே வந்து நிற்கிறதோ அங்கேதான் அந்தச் சுரீர் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வசந்தத்தில் அது முன்னங்கால் எலும்பின் பாதிவழியில் வந்தது. பிறகு எரிச்சல் தொடங்கியது; காலுறையின் நூல் பட்டால்கூடத் துடித்தாள். தங்கை ஸோரிட்சா மாத்திரையைக் கூட்டச் சொல்லி நச்சரித்தாள். எரியட்டும், செத்தது எரியாது என்றாள் இவள்.

கோடையில் ஒருநாள் ஸோரிட்சாதான் முதலில் பார்த்தாள். இருவரும் குடைமிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நாற்காலியில் நீட்டியிருந்த காலில், கணுக்காலுக்கு முன்னால், ஒரு நாண் புடைத்து அடங்கியது.

"இன்னொரு தடவை செய்" என்றாள் தங்கை. செய்தாள். பாதம் ஒரு நூலளவு எழுந்தது. அழுதது ஸோரிட்சா. இவள் திரும்பத் திரும்பத் தூக்கி, அது களைத்து நின்ற பிறகுதான் விட்டாள்.

அடுத்த வருடம் நடுவர்களுக்கான ஓட்டத் தேர்வுக்குப் போனாள். கடைசிச் சுற்றுகளில் களைத்த பாதம் தாழ்ந்து, விரல்நுனி தரையில் இடறி, குப்புற விழுந்தாள். கிராதிமீர் கைகொடுத்து எழுப்பி, "போதும்மா, நீ காட்ட வேண்டியதைக் காட்டிட்ட" என்றார்.

"நான் யாருக்கும் காட்ட வரல. அடுத்த தேதி என்னிக்கு?"

அந்தத் தேதியில் கடைசி ஆளாக வந்தாள்; ஆனால் நேரத்துக்குள் வந்தாள். காலின் கட்டைவிரல் இன்றுவரை எழவில்லை. எழாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த பிறகு முதல் ஆட்டம் மலையடிவாரக் கிராமம் ஒன்றில். முடிய இருக்கையில் உள்ளூர் அணிக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தாள். நொண்டி, வீட்டுக்குப் போ என்று மைதானமே கத்தியது. அவர்கள் கத்தி முடிக்கும்வரை புள்ளியைக் காட்டிய கையை இறக்காமல் நின்றாள்.

ஆட்டம் முடிந்து காலுறையைக் கழற்றியபோது பாதத்தின் மேல் ஆணிக்காலணியின் தடம் கன்றிப்போயிருந்தது. யாரோ நன்றாக மிதித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் உணர்வு இன்னும் திரும்பாததால் அவளுக்கு உறைக்கவே இல்லை. ஸோரிட்சா பதறி ஐஸ் தேடி ஓடினாள். யாத்ராங்கா கைபேசியை எடுத்து, வரும் ஞாயிறு எந்த ஊர் என்று கிராதிமீரிடம் கேட்டாள்.